பவுடர் டின்னில் ஒரு பறங்கி

முகத்துக்கு நிறம் பூசுவதும் சுவருக்கு நிறம் பூசுவதும் ஒரே வேலைதான்; பூசி முடிந்ததும் சுவர் கண்ணாடி கேட்காது என்பதால் சுவர் பூசுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மட்டக்களப்பு நகரத்தில், என் வீட்டு முன்னறையில், இருபது வருஷமாக மணப்பெண்களுக்கு முகம் செய்து வருகிறேன். சமையல், துணி துவைத்தல், வீடு கூட்டல் எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுகிற நேரத்தில் செய்வதால் இதை ஒரு வேலை என்று வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. ‘ரெண்டு நிறம் கூட்டி விடுங்க’ என்று கேட்காத மணப்பெண்ணை இன்னும் நான் காணவில்லை. இதே தொழிலில் கிடந்து அல்லாடும் சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இப்போது எந்த முகத்தைக் கண்டாலும் எனக்கு பவுண்டேஷன் நம்பர்தான் தெரிகிறது; ஒன்று வெள்ளை, நம்பர் ஏற ஏறக் கறுப்பு. மீன்காரர் ஒன்பது, தபால்காரர் ஆறு, பூசை வைக்கிற ஃபாதர் நாலரை.

இது போதாதென்று, சில வருஷமாக ஊர்ப் பெடியன்களுக்குக் குறும்படப் பைத்தியம் பிடித்திருக்கிறது. ‘மேக்கப் அன்ரி’ என்று என்னையும் படப்பிடிப்பு வான் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, நாங்கள் பறங்கியர். அப்பா வழி போர்த்துக்கேயர், அம்மா வழி ஒல்லாந்தர் என்பார்கள். நானோ நன்றாக ஊறிய, பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறம், நம்பர் எட்டு. வீட்டில் கதைப்பதும் சண்டை பிடிப்பதும் தமிழில். மடத்துப் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்மார் பழக்கிய இங்கிலீசை டிரெக்டர்மாரை அதட்டுவதற்கென்று தனியாக வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, என் மகள் ஷெரின் செட்டிபாளையத்துக் குகனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்த ஆம்பிளை பெண் வீட்டில்தான் வந்து இருப்பான். ஆகவே குகனின் தாய் சிவபாக்கியம் ஒருநாள் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தேத்தண்ணி குடித்தார். குடித்த கோப்பையைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தார். “யோசிச்சுச் சொல்லுறம் தங்கச்சி” என்று எழும்பிப் போனார். என் கோப்பையில் அழுக்குத் தேடியவரை நான் மறப்பேனா? பறங்கி வீடென்றால் போத்தலும் கூத்தும் என்று ஏதாவது படத்தில் பார்த்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதமாகப் பதில் இல்லை. ஷெரின் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போகப் பழகிவிட்டாள்.

ஒல்லாந்துத் துரை உருகிய கதை

என் முதல் சரித்திரப் படம். டிரெக்டர் சுரேன், முப்பது வயது, தாடி. தன்னாமுனையைச் சேர்ந்த ஒரு விளையாட்டு வாத்தியாரை ஒல்லாந்துத் தளபதி ஆக்கச் சொன்னார். வாத்தியார் நம்பர் ஒன்பது. ஒன்பதை ஒன்றாக்க எனக்கு இரண்டு மணித்தியாலமும் ஒரு முழு டின்னும் போனது. “தம்பி, கையையும் பூசட்டுமா?” என்று கேட்டேன். “கை படத்தில வராது அன்ரி” என்றார்.

வாவிக் கரையில், உச்சி வெயிலில், கம்பளிக் கோட்டு மாட்டி, துரை “தாக்குங்கள்!” என்று கத்த வேண்டும். கத்தினார். கத்தும்போது கையைத் தூக்காமல் கத்தத் தெரிந்த விளையாட்டு வாத்தியார் உலகத்தில் உண்டா? கமரா முழுக்கக் கை. அதற்குள் வியர்வை நெற்றியிலிருந்து கோடு கோடாக இறங்கித் தாடையில் பால் சொட்டியது. தோணியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மீன்காரர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “துரைக்கு முகம் ஒல்லாந்தில இருந்து வந்திருக்கு, கை இஞ்ச வந்து பூட்டினதா?”

கரை முழுக்கச் சிரித்தது. கோபிப்பதற்கு அங்கே ஒல்லாந்தர் ஒருவரும் இல்லை. அம்மா வழியில் நான் இருந்தேன், நானும்தான் சிரித்தேன்.

கதிரவெளியில் இரண்டு டின் கறுப்பு

அடுத்தது மீனவப் பெண்ணின் கண்ணீர்க் கதை. கொழும்பிலிருந்து கதாநாயகி வந்தா, நம்பர் மூன்று. “மண் மணக்க வேணும் அன்ரி, நல்லாக் கறுப்பாக்குங்க” என்றார் சுரேன். படப்பிடிப்புக்குக் கதிரவெளியில் வீடு தந்தவ ஒரு கருவாட்டுக்காரி, பெயர் ஜெயந்தி. அவவின் வீடு, அவவின் பானை, அவவின் கொடியில் கிடந்த சேலை எல்லாவற்றையும் கதாநாயகிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஜெயந்தி பக்கத்தில் நின்று நான் பூசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தா. ஒவ்வொரு தடவையும் நான் நிறம் சரியா என்று நிமிர்ந்து பார்த்தது அவவின் முகத்தைத்தான்.

“தம்பி, இவவையே நடிக்க வைக்கலாமே, எனக்கும் வேலை மிச்சம்” என்றேன். “அதுக்கு ஒரு முகவெட்டு வேணும் அன்ரி” என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னால் காது கேட்காது என்று நினைப்பவர்கள்தான் டிரெக்டர் ஆகிறார்கள். ஜெயந்தி கோபிக்கவில்லை. கருவாட்டைப் புரட்டிப் போட்டபடி கேட்டா: “அப்ப அக்கா, என்ட நிறம் படத்துக்கு வேணும், நான் வேணாம், அப்பிடித்தானே?”

நீங்க பறங்கி மாதிரி இல்லையே

பிறகுதான் எங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்த அந்தப் படம் வந்தது. ஒரு தமிழ்ப் பெடியனும் பறங்கிப் பெண்ணும் காதலிக்கிறார்கள். பெண்ணின் தகப்பன் மெல்வின் காலையிலேயே குடித்துவிட்டுக் கிற்றார் அடிப்பான். தாய் முழங்காலுக்கு மேலே கவுன் போட்டு ஆடுவாள். சிவபாக்கியம் எந்தப் படத்தைப் பார்த்து யோசிக்கிறார் என்று தெரியாமல் நான் அவஸ்தைப்பட, இன்னொரு படம் என் கையாலேயே தயாராகிறது.

“தாய்க்கு முகத்த வெள்ளையாக்கி, கன்னத்தில சிவப்பு அப்பி, லிப்ஸ்டிக்கைக் கொஞ்சம் தாறுமாறாப் போடுங்க. நீங்க பறங்கி ஆக்களக் கண்டிருப்பீங்கதானே?” என்றார் சுரேன். என்னோடு எத்தனை படம் செய்தவர்! “கண்டிருக்கிறன் தம்பி. பல் தீட்டும்போது கண்ணாடியில்” என்றேன். அவருக்கு வேர்த்துவிட்டது. பிறகு சமாளித்தார். இது நக்கல் இல்லையாம், நையாண்டியாம். சமூகத்தை விமர்சிக்கிறாராம்.

விமர்சியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? எங்கள் வீடுகளில் விமர்சிக்க ஆயிரம் உண்டு. பழைய அலுமாரி ஒன்றுக்காக அண்ணன் தம்பி ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருப்போம். ஆளுக்கு ஒரு ஒல்லாந்துத் தாத்தாவைக் கண்டுபிடிப்போம். அதையெல்லாம் எடுக்க எங்கள் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும். போத்தலை எடுக்க வேறொரு படம் பார்த்திருந்தால் போதும்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நான் போனால் வேறொருத்தி வந்து இன்னும் மோசமாகப் பூசுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூசுகிற எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். கவுனை மட்டும் நாலு விரற்கடை இறக்கித் தைத்தேன். சுரேன் அவ்வளவு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் உண்மையான குழப்பத்தோடு சொன்னார்: “ஆனா அன்ரி, நீங்க பறங்கி மாதிரி இல்லையே!”

ரெஜி தோற்ற இடம்

மெல்வினாக நடிக்கிறவர் மிகவும் சிரத்தையானவர். உண்மையான பறங்கி ஒருவரைப் பார்த்துப் பழக வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் கணவர் ரெஜி தச்சுவேலை செய்கிறவர். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்த நாளிலிருந்து தேத்தண்ணிக்கே சீனி இல்லை, சாராயத்துக்கு எங்கே போவார்? கல்யாண வீடுகளில் வயலின் வாசிப்பார். அதையும் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்குமோ என்ற பயத்தோடு வாசிப்பார்.

வந்தவர் கொப்பியும் பேனையுமாக ஒரு மணித்தியாலம் இருந்தார். ரெஜி அவருக்குத் தேக்குக்கும் வேம்புக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். கொப்பியில் ஒன்றும் ஏறவில்லை. எழும்பும்போது மிகவும் வருத்தத்தோடு சொன்னார்: “குறை நினைக்காதீங்க அங்கிள், உங்களப் பாத்து நடிச்சா நான் பறங்கி எண்டு ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”

பெரிய பொட்டு

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற கதை அல்ல. படத்தில் காதலனின் தாய், கிராமத்துக்காரி, பறங்கி வீட்டுக்கு வந்து வாசலிலேயே மூக்கைச் சுளிப்பாள். அதில் நடிக்க வேண்டியவவுக்கு வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டுத் தொடங்கிவிட்டது, வரவில்லை. நெல்லை விட்டுவிட்டு நடிக்க வர அவவுக்கு என்ன பைத்தியமா? “அன்ரி, நீங்களே நில்லுங்க, ரெண்டு நிமிசம்தான்” என்றார் சுரேன்.

நின்றேன். கைத்தறிச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே கட்டினேன். ரூபாய்க் குற்றி அளவில் பொட்டு வைத்தேன். கன்னக் கொடுப்புக்குள் வெற்றிலையை அடைத்தேன். நடிக்க யோசிக்கவே தேவைப்படவில்லை. இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் வைத்துப் பொருமிய சிவபாக்கியம் தானாகவே இறங்கி வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். தேத்தண்ணியை உறிஞ்சினேன். கோப்பையைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு கண்ணை மூடி, அடியை முகர்ந்தும் பார்த்தேன். முகர்ந்தது என் சொந்தச் சேர்க்கை. “யோசிச்சுச் சொல்லுறம் தங்கச்சி” என்று இழுத்தேன். கமரா பிடித்தவர் சிரித்ததில் படம் ஆடி, மூன்று தரம் எடுத்தார்கள். மூன்று தரமும் நான் கூட்டித்தான் செய்தேன். உள்ளதைச் சொன்னால், அந்த வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு வேறு இல்லை.

வீட்டுக்கு வந்து ஷெரினுக்கு நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. “பகிடிதானே பிள்ளை, ஏன் மூஞ்சியை நீட்டுறாய்?” என்றேன். “சுரேன் அண்ணாவும் மெல்வினுக்கு ‘நையாண்டிதானே’ எண்டு இதைத்தானே மம்மி சொன்னவர்?” என்றாள்.

கோப்பையின் அடி

படத்தை ஊர் மண்டபத்தில் ஒரு பின்னேரம் போட்டார்கள். வருங்கால மாமி நடித்த படம் என்ற பெருமையில் குகன் தாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஒரே வரிசை: ஷெரின், நான், சிவபாக்கியம், அந்தப் பக்கம் ரெஜி. எனக்கு அப்போதே கால் எழும்பி ஓடப் பார்த்தது, கதவை மூடிவிட்டார்கள்.

மெல்வின் திரையில் தள்ளாடி விழுந்தான். மண்டபம் அதிர்ந்தது. சிவபாக்கியம் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார், திரும்பி ரெஜியைப் பார்த்தார். ரெஜி மடியில் கையைக் கட்டிக்கொண்டு, பூசையில் இருப்பதுபோல இருந்தார். பிறகு நான் வந்தேன். சேலை, பொட்டு, வெற்றிலை, கோப்பை. நான் முகர்ந்த இடத்தில் விசில் பறந்தது. ஷெரின் என் கையைப் பிடித்தாள், நகம் பதிகிற மாதிரி.

முடிந்து வெளியே வந்ததும் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்கள். சிவபாக்கியம் ஆறுதலாகக் குடித்து முடித்தார். குடித்த கோப்பையை என் முகத்துக்கு முன்னால் பிடித்துத் திருப்பினார்.

“கோப்பையத் திருப்பிப் பாத்தது எந்தக் கொம்பனி எண்டு பாக்கத்தான். என்ட மகன் வந்து இரிக்கப்போற வீடு. சோடி குலையாம அதே பூப்போட்டதில ஒரு டசின் வாங்கி வைப்பம் எண்டு நினைச்சன். மூணு மாசமா எல்லாக் கடையும் ஏறி இறங்கிறன், கிடைக்கல்ல.”

நானும் என் வெறுங்கோப்பையைத் திருப்பி அடியைப் பார்த்தேன்.

“யோசிச்சது உண்மை. இவர் குடிக்கிறவரோ எண்டு யோசிச்சன். இண்டைக்குத் திரையில ஆடினவனையும் பாத்தன், பக்கத்தில இரிந்தவரையும் பாத்தன். அது பொய் எண்டு வெளங்கிட்டு. மறுகா திரையில நீங்க வந்தீங்க.” கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். “முகர்ந்து பாத்தனா நான்?”

“இல்லை அக்கா” என்றேன்.

“அதானே.” கோப்பையை வைத்துவிட்டு ஷெரினின் தலையைத் தடவினார். இங்கே பிள்ளைகளின் கல்யாணம் நிச்சயமானால் தாய்மார் ஒருவரை ஒருவர் மச்சாள் என்பார்கள், அதற்காக நான் மூன்று மாதம் காத்திருந்தேன், அதுவும் வந்தது, கூடவே ஒரு கட்டளையோடு: “கலியாணத்தண்டைக்கு ஷெரினுக்கு நீங்க முகம் பூச வேணாம் மச்சாள், அந்தப் புள்ள தன்ட முகத்தோடயே வரட்டும்.”

இருபது வருஷமாக எல்லார் முகத்துக்கும் நம்பர் சொல்லத் தெரிந்த எனக்கு, அன்றைக்கு அந்த மண்டப வாசலில் என் முகத்தில் ஏறிய நிறத்துக்கு மட்டும் எந்த டின்னிலும் நம்பர் கிடைக்கவில்லை.