முதுகுத் திண்டு

எகிப்தில் தந்தாவிலிருந்து கஃப்ர் சய்யாத் போகிற வேன்காரர்களில் ஷஹாத்தாவைத் தெரியாதவன் கிடையாது. பெருநாள் கூட்டத்திலும் கூடுதலாக ஒரு காசு கேட்க மாட்டான். ஆனால் கதவை ஓங்கிச் சாத்தினால் போச்சு, ஆளை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். இத்தனைக்கும் வண்டி அவனுடையதல்ல, ஹாஜியம்மா சனிய்யாவுடையது. வருஷக்கணக்காக அந்த இருக்கையில் உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. மனைவி நவால் பழைய போர்வைத் துணியில் பஞ்சடைத்து முதுகுக்கு ஒரு திண்டு தைத்துக் கொடுத்தாள். வலி அதற்கும் அடங்கவில்லை.

அப்போதுதான் மெத்வல்லி வெள்ளை மாத்திரை கொண்டுவந்தான். ஷஹாத்தாவுக்கு முடியாத நாளில் வண்டி எடுக்கிறவன். அவனை ஹாஜியம்மாவிடம் சிபாரிசு பண்ணிச் சேர்த்துவிட்டதே ஷஹாத்தாதான்.

"போட்டுக்கண்ணே, எலும்புக்கு நல்லது. எனக்கும் இதே இடுப்பு வலிதான். நானும் தினம் போடுறேன்."

வலி பறந்துவிட்டது. ஷஹாத்தா அவனை வாயார வாழ்த்தினான்.

ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கிற நாள் வந்தது. முந்தின சாயங்காலம் மெத்வல்லி வீடு தேடி வந்தான். "நாளைக்குப் பூரா வரிசையில நிக்கணும்ணே. காலையில மறக்காம ரெண்டா போட்டுட்டுப் போ." நவால் அவனை விடவில்லை, அவித்த மொச்சையும் ரொட்டியும் வைத்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

போக்குவரத்து அலுவலகத்தில் கண் பார்த்தார்கள், சரி. அபராத பாக்கி இல்லை, சரி. கடைசியில் போதை சோதனைக்குக் குப்பியைக் கொடுத்தார்கள். சிகரெட்டைத் தவிர எதையும் தொடாதவனுக்கு என்ன பயம்? சிரித்துக்கொண்டே நிரப்பிக் கொடுத்தான்.

"போதை மாத்திரை காட்டுது. உரிமம் கிடையாது" என்றார் குமாஸ்தா.

"யாருக்கு?"

"உனக்குத்தான்யா."

"ஐயா, அது இடுப்பு வலிக்கு..."

"காலையிலேர்ந்து வந்தவன் எல்லாருக்கும் இடுப்பு வலிதான்!" வரிசையே சிரித்தது.

வெளியே வந்து ஹாஜியம்மாவுக்குப் போன் போட்டான். "உரிமம் இல்லாதவன்கிட்ட எப்படிப்பா சாவி தர்றது? இனிமே மெத்வல்லி ஓட்டட்டும்" என்று வைத்துவிட்டாள்.

அப்போதும் ஷஹாத்தாவின் மனசு மெத்வல்லியை நினைத்துத்தான் அடித்துக்கொண்டது. பாவி, தெரியாமல் தின்றுகொண்டிருக்கிறானே! அவனுக்கும் அடுத்த மாதம் தேதி வருகிறதே! வண்டி நிறுத்தத்துக்கு ஓடினான். வேனில் ஆள் ஏறிக்கொண்டிருந்தது. ஷஹாத்தாவின் இருக்கையில், நவாலின் திண்டில் சாய்ந்தபடி மெத்வல்லி.

"டேய், அந்த மாத்திரையத் தூர வீசு! என் பொழப்பு போச்சு. நீயாவது தப்பிச்சுக்க."

"ஐயோ அண்ணே!" மெத்வல்லி தலையில் அடித்துக்கொண்டான். மாத்திரை விற்ற மருந்துக்கடைக்காரனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினான். கடைசியில் ஷஹாத்தாதான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது.

"துக்கத்தை அப்புறம் பேசுங்கப்பா, வேலைக்குப் போகணும்!" என்று உள்ளேயிருந்து ஒருத்தர் கத்தினார்.

"சரிடா, நீ கிளம்பு. அந்தத் திண்டை மட்டும்... வேணாம், நீயே வச்சுக்க. உனக்கும் வலிக்குமே."

மெத்வல்லி அதற்குள் திண்டை உருவி ஜன்னல் வழியே நீட்டிவிட்டான். "கொண்டு போண்ணே. எனக்கெதுக்கு? எனக்கென்ன இடுப்பு வலியா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. வாய் திறந்தபடி நின்றது.

ஷஹாத்தா திண்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கினான். பக்கவாட்டில் திறந்து கிடந்த கதவைப் பிடித்தான். இத்தனை வருஷம் எவனையும் ஓங்கிச் சாத்த விடாத அந்தக் கதவை, வண்டியே ஆடும்படி அறைந்து சாத்தினான்.