சாயங்காலத்து எண்ணெய்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே பாதிக்கு மேல் தீர்ந்துபோன மஞ்சள் எண்ணெய். மேலே ஒட்டியிருந்த லேபிள் முக்கால்வாசி உரிந்து, எந்தக் கடையில் வாங்கியது, எதற்குப் பூசுவது என்று எதுவும் படிக்க முடியாமல் இருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, என் வீட்டுக்காரரின் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தபோது பக்கவாட்டு ஜிப்புக்குள் அது கையில் தட்டுப்பட்டது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். மூன்று வாரமாகச் சாயங்கால நேரத்தில் அவர் கழுத்திலிருந்து வந்துகொண்டிருந்த அதே வாசனை. எண்ணெய்க் கை பட்டுப் பட்டு லேபிள் தானாகவே உரிந்திருக்கும் என்று இன்று தெரிகிறது. அன்றைக்கு, யாருக்கும் தெரியக்கூடாதென்று வேண்டுமென்றே கிழித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் தன்னை அழகு பார்த்துக்கொள்கிற ஆள் கிடையாது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்புக் குழாய்களுக்குத் துத்தநாகப் பூச்சுப் போடும் ஒரு கம்பெனியில் லாரிக்குக் குழாய் ஏற்றுகிற ஒப்பந்தத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துகொண்டாலே அதிகம். எங்கள் கல்யாணப் படத்தில்கூட மாப்பிள்ளை மூன்று நாள் தாடியோடுதான் நிற்கிறார். சுருட்டை முடி வேறு. மழித்த அன்றே கழுத்தெல்லாம் சிவந்து பொரிந்துவிடும். அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை, விடியற்காலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் கண்ணாடி முன் உட்கார்ந்து மழமழவென்று மழித்துக்கொண்டார். தடித்த மீசையும் போயிற்று. செவ்வாய், புதன் என்று தினமும் அதே கூத்து. கேட்டால், "கம்பெனி ரூலுடி" என்றார். குழாய் தூக்குகிறவருக்கு மீசை இருக்கக்கூடாதென்று எந்த ஊரில் ரூல் போடுகிறார்கள்? நான் நம்பவில்லை.

கழுத்து கன்றிப்போயிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு காலையில் தேங்காய் எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு போனேன். வெடுக்கென்று தலையைத் திருப்பிக்கொண்டார். "காலைல எண்ண கிண்ணலாம் வாணாம். வுடு, டைமாவுது" என்று போய்விட்டார். கையில் ஊற்றிய எண்ணெயை என்ன செய்வதென்று தெரியாமல் என் தலையிலேயே தடவிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது அதே கழுத்து எரிச்சல் அடங்கி, பளபளவென்று, பாதாம் போலவும் ஏதோ பூப் போலவும் மணத்தது. நான் தடவ வந்த எண்ணெய் ஆகாது, வேறு எங்கேயோ தடவிய எண்ணெய் ஆகுமா? காலையில் காய்ந்த முகத்தோடு போகிற மனிதர் யார் வீட்டில் மணக்க மணக்கப் பூசிக்கொண்டு வருகிறார்? யூனிஃபார்மைக்கூட இப்போதெல்லாம் துவைக்கக் கொண்டுவருவதில்லை. அங்கேயே குளித்து, அங்கேயே துணி மாற்றிக்கொண்டு வந்தார். தலையணை உறையை முகர்ந்து பார்த்தேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் போனை நோண்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

நான் அப்போது பிஸ்கட் பாக்கெட் போடுகிற கம்பெனியில் வேலை பார்த்தேன். பக்கத்தில் நிற்கிற அக்காவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கை வேலையை விடாமலே அவள் சொன்னாள்: "ஆம்பள திடீர்னு மூஞ்சிய பளபளன்னு வெச்சிக்கினு திரியறான்னா இன்னா அர்த்தம்? நீ இன்னா சின்னக் கொயந்தயா?" போதாதா? அந்த வாரமே பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். இந்த வாசனை என் வீட்டை விட்டுப் போனால் வேப்பிலை கட்டி வலம் வருகிறேன் தாயே என்று.

அதற்குப் பிறகுதான் அந்தச் சனிக்கிழமை பாட்டில் கிடைத்தது. மறுநாள் ஞாயிறு, அவர் தோலுக்கு ஓய்வு கொடுத்து மழிக்காமல் படுத்திருந்தார். மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் பாட்டில், ரேசர், மிச்சமிருந்த பிளேடு எல்லாவற்றையும் ஒரு கவரில் சுருட்டிக் கொண்டுபோய், தண்டவாளத்தை ஒட்டிய குப்பைமேட்டில் வீசிவிட்டு வந்தேன். இனி எந்த மூஞ்சியோடு போய் நிற்கிறார் பார்க்கலாம் என்று இருந்தது.

திங்கட்கிழமை காலை வீட்டைப் புரட்டித் தேடினார். "ரேசரப் பாத்தியா?" என்று கேட்டார். "நான் இன்னாத்துக்கு உங்க ரேசரப் பாக்கறேன்" என்றேன். எதிர்க்கடை இன்னும் திறக்கவில்லை. கவரைப்பேட்டை முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு நாள் முள்தாடியைக் கையால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் முகத்தில் பயம் தெரிந்தது. இந்தக் கோலத்தில் அவள் முன்னால் போய் நிற்க வேண்டுமே என்கிற பயம் என்று நானாக அர்த்தம் செய்துகொண்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

சாயங்காலம் வந்தார். வாசனை இல்லை. அம்மன் கேட்டுவிட்டாள் என்று தட்டு வைத்துச் சோறு போட்டேன். இரண்டாவது வாய் உள்ளே போவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொடுத்தேன், நிற்கவில்லை. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். எங்கள் மகள் பயந்து அழுதாள். இருமல் கொஞ்சம் தணிந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

"ஆசிட் தொட்டிக்கு மாத்திட்டாங்கடி. ஒரு மாசமாவப் போவுது. அங்க வேல செஞ்சா பர்மனென்ட் பண்றேன்னாங்க. உன்கிட்ட சொன்னா வுட்டுருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். பூச்சுப் போடும் முன் குழாயை ஆசிட்டில் முக்கித் துரு எடுக்கிற தொட்டி அது. எங்கள் தெருவில் ஓர் அண்ணன் வேறொரு கம்பெனியில் அந்த வேலைக்குப் போய், படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலைக்கு வந்தவர். அவரைப் பார்த்துவிட்டுத்தான் மகள் தலையில் அடிக்கவைத்து, அந்த செக்ஷனுக்கு மட்டும் போகக்கூடாதென்று இவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். இப்போது விட்டு விட்டுச் சொன்னார்: "மாஸ்க்கு தோலோட ஒட்டிக்கினு நிக்கணும். முடி இருந்தா அந்தச் சந்துல பொக உள்ள வந்துடும். எண்ண தடவுனா ரப்பரு வழுக்கும். அதான் ஷிஃப்டு முடிஞ்சி குளிச்சிட்டு தடவிக்கினு வருவேன், எரிச்சலுக்கு. இன்னிக்கு கேட்ல தாடிய யாரும் பாக்கல, நானும் சொல்லல. திருப்பி அனுப்பிட்டா பேரு கெட்டுடும் இல்ல?"

நான் நினைத்தபடி இன்னொருத்தி இருந்திருந்தால் நேரே போய் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டிருப்பேன். ஜெயித்தும் இருப்பேன். இந்தப் புகையை எங்கே போய்ப் பிடிப்பது? ரேசரைத் தூக்கிப் போட்டது நான்தான் என்றும், எதற்காகப் போட்டேன் என்றும் அழுதுகொண்டே சொன்னேன். "இந்த மூஞ்சிக்கா?" என்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு மறுபடியும் இருமலாக மாறியது. அப்படி ஒரு குற்ற உணர்ச்சியை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை.

டாக்டர் கொடுத்த மருந்தில் பத்து நாளில் இருமல் நின்றது. வேலையை விடச் சொல்லிக் கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அவர் அசையவில்லை. மறு வருஷம் பர்மனென்ட் ஆனார். இன்றைக்கும் அதே தொட்டிக்குத்தான் போகிறார். ரேசரும் எண்ணெயும் இப்போது நான் வாங்கி வைக்கிறேன். காலையில் வாசலைத் தாண்டும் முன் புறங்கையால் தாடையைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஒரு முடி தட்டுப்பட்டாலும் பஸ் போனால் போகட்டும் என்று திரும்ப உட்காரவைத்துவிடுவேன். சாயங்காலம் அந்த வாசனையோடு வந்தால்தான் எனக்கு உயிர் வருகிறது.

போன வாரம் குழம்புக்குக் காய்ந்த மிளகாய் தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவர் இருமினார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் எதிரே நின்றேன்.

"மொளகா நெடிடி" என்றார்.

நான் நம்பவில்லை. அடுத்த இருமல் வருகிறதா என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.