பதினோராவது காரின் காலைச் சொட்டு

2024 மார்ச் தொடங்கி இந்த ஜனவரி வரை ஹிதாயத்துல்லா பதினொரு கார்களில் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு அலுமினியத்தை மாட்டினார். எல்லாம் ஒரே வேலைதான். இன்ஜினின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவில் ஒரு இணைப்பு இருக்கும். இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவமான கூலண்ட் சூடாகி அதன் வழியாகத்தான் ரேடியேட்டர் குழாய்க்குப் போகிறது. சில கார்களில் அது பிளாஸ்டிக்கில் வருகிறது. ஆறேழு வருடச் சூட்டில் விறைத்து விரிசல் விடுகிறது. அதையே அலுமினியத்தில் வார்த்து இணையத்தில் விற்கிறார்கள். மாட்டி முடித்துச் சாவியைக் கொடுக்கும்போது பதினொரு பேரிடமும் அவர் சொன்னது ஒன்றுதான்: "இனிமே இந்த எடத்துல ஒழுகாது. நான் சொல்றேன்."

பதினோராவது கார் ஒழுகியது.

அது ஸ்டெல்லாமேரியின் கார். அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில் வீடு. அலுமினியம் மாட்டிய ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். ஹிதாயத்துல்லா குழாயின் கிளாம்பை இறுக்கிக் கொடுத்தார். பத்து நாளில் மறுபடி வந்தார். குழாய் மாட்டும் அலுமினிய வாயில் வார்ப்புக் கோடு ஒன்று மெல்லிய வரப்புபோல் இருந்தது. அதை அரத்தால் ராவிச் சமன்செய்து, குழாயையும் புதிதாக மாற்றினார். மூன்றாவது முறை கார் ரெட்டியார்பாளையத்துப் பட்டறைக்குள் நுழைந்தபோது பக்கத்து டயர் கடை வெற்றிவேல் எழுந்தே வந்துவிட்டார்.

"இன்னா பாய், இந்த வண்டி உங்க ஊட்டுக்கே குடிவந்துடுச்சா? ரேஷன் கார்டுல பேர சேத்துடுங்க."

ஸ்டெல்லாமேரி சிரிக்கவில்லை. கேக் டப்பாவின் அட்டை ஒன்றை நீட்டினார். காருக்கு அடியில் வைத்து எடுத்தது. அதில் இளஞ்சிவப்புக் கறைகள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலில் தேதி, மணி. எல்லாமே விடியற்காலை.

"நான் பாக்கறப்ப ஒரு சொட்டு இல்லியே சிஸ்டர்."

"காய்ச்சக்காரன் டாக்டரு முன்னாடி வந்து ஒக்காந்தா காய்ச்சல் எறங்கிடும் பாய். ஊட்டுக்குப் போனாதான் ஏறும். முப்பது வருஷமா பாத்திருக்கேன்."

"அப்ப வண்டிய இங்கியே உட்டுட்டுப் போங்க. காலைல பாக்கறேன்."

பார்ட் மோசமாக இருந்தால் போனது ஒரு கார். கை மோசமாக இருந்தால் பதினொன்று. அது அவருக்குத் தெரியும். கோளாறு பார்ட்டில் இருந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இன்ஜின் குளிர்ந்து கிடந்தது. கூலண்ட் டப்பாவின் மூடியைத் திறந்து, கையால் அடிக்கும் பிரஷர் பம்பை அதன் வாயில் பொருத்தி அழுத்தினார். பம்பின் அழுத்த முள் ஏறி நின்றது. இரண்டு நிமிடத்தில் இறங்க ஆரம்பித்தது. குழாய்ப் பக்கம் காய்ந்திருந்தது. அலுமினியம் இன்ஜினோடு சேரும் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது.

மூன்று போல்ட்டையும் கழற்றினார். அந்த இணைப்பில் வட்டமாக ஒரு பள்ளம் உண்டு. அதில் ஒரு ரப்பர் வளையம் உட்கார வேண்டும். வளையம் பள்ளத்தில் இல்லை. ஒரு பக்கம் வெளியே பிதுங்கி நசுங்கியிருந்தது. அதைச் சுற்றிலும் ஒழுகாமல் அடைக்கப் பூசும் சாம்பல் நிறப் பேஸ்ட் இறுகிக் கிடந்தது.

பேஸ்ட்டைப் பூசியது அவரேதான்.

ஹிதாயத்துல்லாவுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. முப்பத்தைந்து வயதுவரை அவர் கார் பக்கமே வந்ததில்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு இன்ஜின் பார்த்தார். அங்கே எந்த இணைப்பையும் பேஸ்ட் போடாமல் மூடுவதில்லை. படகுக்காரர் தலைமாட்டிலேயே நின்று, "பேஸ்ட்டு போட்டியா? நல்லா அப்பு" என்பார். கரையிலிருந்து நாற்பது மைல் தள்ளி ஒழுகினால் இறங்கிப் பார்க்க முடியாது. இரும்பும் இரும்பும் நடுவில் காகித கேஸ்கெட் வைத்துச் சேரும் இடத்தில் அந்தப் பேஸ்ட் வேலை செய்தது. காருக்கு வந்த பிறகும் அவர் விரல் அதை விடவில்லை.

பிளாஸ்டிக் இணைப்புகளுக்கும் அவர் அப்படித்தான் பூசினார். இறுக்கும்போது பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், தவறு தெரியவில்லை. அலுமினியம் வளையாது. பேஸ்ட்டின் வழுவழுப்பில் வளையம் நழுவி வெளியே வந்திருக்கிறது. சூட்டில் எல்லாம் விரிந்து இடைவெளி அடைபட்டிருக்கும், விடியலில் சுருங்கியதும் திறந்திருக்கும்.

இன்ஜினில் ஒட்டியிருந்த பேஸ்ட்டைச் சுரண்டினார். சிறிய மரக்கட்டையில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றிப் பரப்பைத் தேய்த்தார். புது வளையத்தைக் கூலண்ட்டில் நனைத்துப் பள்ளத்தில் வைத்தார். வேறெதுவும் பூசவில்லை. போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பம்பு முள் அன்றும் மறுநாள் காலையும் நின்ற இடத்திலேயே நின்றது.

வெற்றிவேல் டீ வாங்கி வந்தார். "சிஸ்டர்கிட்ட பார்ட்டு டூப்ளிகேட்டுன்னு சொல்லிடுங்க பாய். அவங்களுக்கு இன்னா தெரியப்போவுது?"

"மீதி பத்து வண்டிக்கு இன்னா சொல்றது?"

"அதுங்க ஒழுகலியே."

"யாராவது அட்ட வெச்சுப் பாத்தாங்களா?"

ஸ்டெல்லாமேரி வந்ததும் ஹிதாயத்துல்லா நசுங்கிய வளையத்தை நீட்டி, "தப்பு என்னுது சிஸ்டர். போடக்கூடாதத போட்டுட்டேன்" என்றார். ஸ்டெல்லாமேரி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எத்தன பேருக்கு இந்த ஆபரேஷன் பண்ணீங்க?" என்று கேட்டார். எண்ணிக்கையைச் சொன்னதும், "எல்லாரையும் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மதியத் தொழுகை முடிந்து வந்து ஹிதாயத்துல்லா பத்து பேருக்கும் போன் செய்தார். மூன்று பேர் எடுக்கவில்லை. ஒருவர், "ஒழுகவே ஒழுகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கத்தினார். நான்கு பேர் ஒன்றுமில்லை, ஆனாலும் வருகிறோம் என்றார்கள். மீதி இரண்டு பேர் மாதக்கணக்கில் கூலண்ட் டப்பாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கார் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தார்கள்.

அந்த இருவரில் ஒருவர் எழிலரசன், மூலக்குளத்தில் துணிக்கடை வைத்திருப்பவர். இன்ஜின் குளிர்ந்திருந்தால்தான் சோதிக்க முடியும் என்பதால், ஞாயிறு மாலையே வண்டியைக் கொண்டுவந்து பட்டறையில் விடுகிறார். திங்கள் காலை ஆறு மணிக்கு ஹிதாயத்துல்லா அந்த அலுமினிய இணைப்பைக் கழற்றுகிறார்.