கண்ணாடிக்காரம்மாவின் புகைச் சோதனை

கண்ணாடிக்காரம்மா என்றால்தான் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு வயதில் ஒரு கண்ணாடிக் கடையில் உடைசல் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். பெருக்கிக்கொண்டே வெட்டக் கற்றுக்கொண்டார். முதலாளிக்குக் கண் மங்கிய காலத்தில், கடையை நடத்துவது யார் என்று முதலாளிக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் கடையை இவர் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு முதலாளி தன் மகள் வீட்டோடு போய்விட்டார். கடையோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் அந்தப் பிக்கப் வண்டி.

வண்டிக்கு வயது முப்பத்து நான்கு. கார்புரேட்டர் வைத்த இன்ஜின். காலையில் சோக்கை இழுத்து, ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை மிதித்து, சாவியைத் திருப்பிவிட்டு, வேறு ஏதோ யோசனையில் இருப்பதுபோல் வெளியே பார்க்க வேண்டும். ஆசையாகப் பார்த்தால் ஸ்டார்ட் ஆகாது. பின்னால் கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்த ஒரு மரச்சட்டம். வில்பட்டைகள் தளர்ந்துபோனதால் வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே போகும். ஏற்றிய கண்ணாடி ஒன்றுகூட வழியில் உடைந்ததில்லை. ஒரே ஒரு தடவை புது வண்டியை வாடகைக்கு எடுத்ததில் இரண்டு அலமாரிக் கதவுகள் தூளாயின. அதற்குப் பிறகு புது வண்டி என்ற பேச்சையே அவர் எடுத்ததில்லை.

அந்தப் பேச்சை எடுப்பவர் அவருடைய வீட்டுக்காரர். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் கடிதங்களை முப்பது வருஷம் பிரிக்காமல் இருந்த ஏக்கமோ என்னவோ, வீட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் அவர்தான் பிரிப்பார், உரக்கப் படிப்பார். அன்று வந்தது போக்குவரத்து அலுவலகத்துக் கடிதம்.

"பழைய வண்டியெல்லாம் இனிமே புகைச் சோதனைக்கு வரணுமாம். ஒரு மாசத்துக்குள்ள மூணு வாய்ப்பு. மூணுலயும் தேறலைன்னா நம்பரை ரத்து பண்ணிடுவாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. கையெழுத்து போட்டிருக்கான்."

சோதனை நிலையம் ஒரு நீளமான தகரக் கொட்டகை. அங்கிருந்த அதிகாரிக்குச் சிரிப்பும் கோபமும் வராத முகம். சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகிவிட்டு, திரையைப் பார்த்து, "ஏழு புள்ளி ரெண்டு" என்றார்.

"நல்லதா சார்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"மூணரைக்குக் கீழ இருக்கணும்."

வீட்டுக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டு, "ஒரு மடங்குதான் கூட இருக்கு" என்றார்.

அதிகாரி குழாயை உருவி, கறுத்துப்போன முனையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துடைக்கப் போனார்.

மோப்பம் என்று பெயரெடுத்த மெக்கானிக்கிடம் வண்டி போனது. எந்த வண்டி வந்தாலும் அவர் பின்பக்கமாகப் போய்க் குந்தி, கண்ணை மூடி, புகையை முகர்ந்து பார்ப்பார். அதனால் வந்த பெயர். இந்த வண்டியை முகர்ந்தவர் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "பச்சைப் பெட்ரோல் வாசனை வருதுக்கா. தேவைக்கு மேல உள்ள இறங்குது. எரியாமலே வெளிய வருது."

ஏர் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே காலிக் குளவிக்கூடு இருந்தது. பிளக்குகளை மாற்றினார். கார்புரேட்டரின் துளைகளை ஊதிச் சுத்தம் செய்து, பெட்ரோல் அளவைக் குறைக்கும் திருகை முடிந்த மட்டும் இறுக்கினார். இப்போது வண்டி நின்ற இடத்தில் நடுங்கியது. சோதனைக்கான வரிசையில் இரண்டு முறை அணைந்துபோய், வீட்டுக்காரர் இறங்கிப் பின்னால் வந்த கார்களுக்கு வழிகாட்ட வேண்டியதாயிற்று. அதை அவர் ஓரளவு விரும்பியே செய்தார்.

"நாலு புள்ளி ஒம்பது" என்றார் அதிகாரி. "இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு."

அன்று மத்தியானம் கண்ணாடிக்காரம்மா ஒரு குளியலறைக் கண்ணாடியை ஓர் அங்குலம் குறைத்து வெட்டிவிட்டார். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. வெட்டிய துண்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அதில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி போனால், யாரோ ஒருவருடைய வண்டியில், யாரோ ஒருவர் ஓட்டிப்போக, பின்னாலிருந்து வரும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டே மிச்ச காலமும் போகும் என்று தோன்றியது.

வீட்டுக்காரர் முடி வெட்டிக்கொண்டு சலூனிலிருந்து யோசனையோடு திரும்பினார்.

"டாங்குல நாலு பாச்சை உருண்டை போடணுமாம். புகை சுத்தமா நின்னுடுமாம்."

"அது அலமாரிக்குப் போடறது."

"அலமாரியில புகை வந்து பார்த்திருக்கியா?"

வாதம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணாடிக்காரம்மா உருண்டை போடவில்லை.

மறுநாள் மெக்கானிக் கண்ணாடிக் கடைக்கே வந்து, வெட்டு மேஜையின் மேல் கார்புரேட்டரை மறுபடி பிரித்துப் பரப்பினார். பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரம்மா அதிலிருந்து ஒரு சின்னப் பித்தளை டப்பாவைக் கையில் எடுத்தார். நாலு மில்லிமீட்டர் கண்ணாடிக்கும் அஞ்சு மில்லிமீட்டர் கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தூக்கிப் பார்த்தே சொல்லும் கை அது.

"தம்பி, இது எதுக்கு?"

"மிதவை அக்கா. பெட்ரோல் மேல மிதந்துக்கிட்டே இருக்கும். அளவு ஏறினா அதுவும் ஏறி வழியை அடைச்சிடும்."

"அப்போ உள்ள காலியா இருக்கணுமே. இது கனக்குதே."

மெக்கானிக் வாங்கிக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ களக் களக் என்றது. முகர்ந்து பார்த்தார். அதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. வெந்நீரில் அமுக்கியதும் ஓரத்தில் ஒரே இடத்திலிருந்து முத்து முத்தாகக் குமிழ்கள் கிளம்பின. ஊசிமுனை ஓட்டை. அது வழியாகப் பெட்ரோல் புகுந்து, மிதக்க வேண்டியது பாதி முழுகியே கிடந்திருக்கிறது.

"இந்த மாடலுக்கு மிதவை எங்கயும் கிடைக்காதுக்கா" என்றார் மெக்கானிக், துக்கம் விசாரிக்கும் குரலில்.

கண்ணாடிக்காரம்மா உள்ளே போய், வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் இணைத்துக் கதவு செய்யப் பயன்படும் பற்றவைப்புக் கோலை எடுத்து வந்தார். பெட்ரோல் முழுக்க வெளியேற மிதவையை இரண்டு நாள் வெயிலில் போட்டார். போகும்போதும் வரும்போதும் கையில் தூக்கிப் பார்த்தார். காகிதம்போல் ஆனதும், எள்ளளவு ஈயத்தை ஓட்டைமேல் வைத்தார். அதுவும் கனம்தான் என்று பிளேடால் பாதியைச் சீவி எடுத்தார். தன் வேலையில் யார் கை வைத்தாலும் எரிந்துவிழும் மெக்கானிக் வெந்நீர் வைக்கப் போனார். மறுபடி வெந்நீரில் அமுக்கினார்கள். ஒரு குமிழ்கூட வரவில்லை.

மூன்றாவது நாள் எல்லாவற்றையும் பூட்டிச் சோதனைக்குக் கிளம்பும்போது மெக்கானிக், "இன்ஜின் சூடா இருக்கணும்க்கா. ஆனா சூட்டுல நிறுத்திடாதீங்க, மறுபடி கிளம்பறது கஷ்டம்" என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்காரர் வண்டிக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பேசாமலே பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்தார்.

அதிகாரி குழாயைச் செருகினார். திரையில் எண் ஏறி, தயங்கி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறி நின்றது.

"மூணு புள்ளி நாலு."

"மூணரைக்குக் கீழ சார்" என்றார் வீட்டுக்காரர், அதிகாரிக்குத் தெரியாததைச் சொல்வதுபோல்.

"தெரியும். இன்ஜினை அணைங்க, அதோட நம்பரைச் சரிபார்க்கணும்."

கண்ணாடிக்காரம்மா அணைத்தார். வேறு வழியில்லை. நம்பர் சரியாக இருந்தது. சான்றிதழில் முத்திரை விழுந்தது. வீட்டுக்காரர் அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். பிறகு கண்ணாடிக்காரம்மா சாவியைத் திருப்பினால், வண்டி முனகிவிட்டு அடங்கியது. மறுபடி திருப்பினார். வேறு யோசனையில் இருப்பதுபோல் வெளியே பார்த்தார். அதற்கும் மசியவில்லை. பின்னால் வரிசை ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

"சார், ஸ்டார்ட் ஆகலைன்னா..." என்று கண்ணாடிக்காரம்மா இழுத்தார்.

அதிகாரி யோசித்தார். "ஸ்டார்ட் ஆகணும்னு விதியில எங்கயும் இல்ல. பாஸ்னா பாஸ்தான்."

சொல்லிவிட்டுப் பேனாவைச் சட்டைப் பைக்குள் வைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வீட்டுக்காரரோடு சேர்ந்து தானும் தள்ள வந்தார். கொட்டகை வாசலைத் தாண்டிய சரிவில் கண்ணாடிக்காரம்மா கிளட்சை விட்டார். வண்டி ஒருமுறை குலுங்கி, உறுமி, பின்னால் கறுப்பாக ஒரு பெரிய புகைமூட்டத்தைக் கக்கிவிட்டுக் கிளம்பியது.

அதிகாரி அந்த நேரம் வேறு பக்கமாகத் திரும்பி நின்று, அடுத்த வண்டியை உள்ளே வரும்படி கையசைத்தார். வீட்டுக்காரர் இருமிக்கொண்டே ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.