சித்தப்பாவின் கடைசி ஃபைட்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் தமிழ் பேசும் சீனப் படம் போட்டுவிட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். எல்லாப் படத்திலும் ஒரே கதைதான். தோற்றுப்போன வீரன் எங்கோ போய்த் தண்ணீர் சுமப்பான், தரை கூட்டுவான். அதெல்லாம் ரகசியப் பயிற்சி என்று கடைசியில்தான் தெரியும். திரும்பி வந்து வில்லனைத் துவைத்து எடுப்பான்.

எங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தார். சித்தப்பா கராத்தேயில் பிளாக் பெல்ட். திண்டிவனத்துப் போட்டியில் விசில் ஊதிய பிறகும் அடித்தார் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அதோடு கராத்தே உடையைப் பரண்மேல் போட்டுவிட்டு, மரக்காணத்தில் யாரோ ஓர் அம்மாவின் உப்பளத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார். கூலியே வாங்குவதில்லை என்று அப்பா தலையிலடித்துக்கொள்வார். எனக்கல்லவா விஷயம் தெரியும்! பாத்திக் களிமண்ணைக் காலால் மிதிமிதியென்று மிதித்து இறுக்குகிறாரே, அது கிக்குக்கு. நீளக் கழி வைத்த பலகையால் உப்பை வாரிக் கரையேற்றுகிறாரே, அது கைக்கு. "எங்க சித்தப்பா ரெடியாவறாரு, பாத்துக்கினே இருங்கடி" என்று வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லிவைத்திருந்தேன்.

கோடை லீவில் ஒருநாள் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். உப்பின் வெள்ளையில் கண் கூசியது. அப்போது வரப்பின்மேல் தடவித் தடவி ஒருவர் வந்தார். கறுப்புக் கண்ணாடி! வீட்டில் இருந்த திண்டிவனத்துப் போட்டி போட்டோவில் சித்தப்பாவுக்கு எதிரே நின்ற அதே அனுமந்தை ஊர்க்காரர். அப்பாடா, கிளைமாக்ஸ் வந்துவிட்டது.

"போதும்பா. உன்னப் பாக்கறப்பல்லாம் எங்கம்மா அழுவுது. நாளையிலேர்ந்து எங்க அளத்துக்கு வராத" என்றார் அவர்.

சித்தப்பா பலகையைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினார். "உன்னால இந்த வெளிச்சத்துல நிக்க முடியாதேப்பா. நான் செஞ்சிட்டுப் போறேனே."

ஹீரோ கெஞ்சலாமா? எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடி சித்தப்பா!" என்று அலறினேன்.

வந்தவர் சட்டென்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தார். கண்ணாடி பாத்தித் தண்ணீரில் விழுந்தது. சித்தப்பா நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு அதை எடுத்து, தலைத்துண்டை அவிழ்த்துத் துடைத்து நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சித்தப்பா வரப்பில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். சோற்றைத் தொடவே இல்லை. அப்புறம் அவர் அந்தப் பக்கம் போகவுமில்லை.

"வில்லன் பயந்து ஓடிட்டான்டி" என்று பள்ளி திறந்ததும் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். விசிலுக்குப் பிறகு விழுந்த சித்தப்பாவின் அடியில் அந்த மனிதருக்கு ஒரு கண் போனதும், இன்னொரு கண்ணுக்கு உப்பு வெளிச்சமே ஆகாது என்று டாக்டர் சொன்னதும், அவர் மிதிக்கவேண்டிய பாத்தியைத்தான் சித்தப்பா மிதித்துக்கொண்டிருந்தார் என்பதும் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

அன்றைக்குச் சித்தப்பா கையைத் தூக்கவே இல்லை. ஆனாலும் அந்த மனிதர் இன்னொரு முறை அடி வாங்கிவிட்டார். அதைப் பார்த்துத்தான் சித்தப்பா அப்படி அழுதார் என்பது, படம் பார்த்தே வளர்ந்த எனக்கு எங்கே புரிந்தது?