ஸ்கை தீவைச் சுற்றிவரப் போட்ட பாதை

1990 நவம்பர் தொடங்கி அடுத்த ஜூன் வரை, வேலையில்லாத சனிக்கிழமைகளை ஈஸ்ட் ஹாம் நூலகத்தில் ஸ்கொட்லாந்து வரைபடத்தோடு கழித்தேன். லண்டனுக்கு வந்தது 1984இல். அதன்பிறகு வேலைத்தலமும் அறையும்தான். ஸ்கை தீவைக் காரில் ஒரு சுற்றுச் சுற்றுவது என் முதல் விடுமுறையாக இருக்கப்போகிறது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கூட்டாளிக்கு வரைபடம் பார்க்கப் பொறுமையில்லை. வந்த புதிதில் ஒரே அறையில் படுத்தெழும்பியவர்கள் நாங்கள். அவனும் மனைவியும் நானுமாகப் போவதென்று பேச்சு. கார் அவன் பொறுப்பு, பாதை என் பொறுப்பு. படகு எங்கே ஏறுவது, ஒடுங்கிய தெருவில் எதிரே கார் வந்தால் எங்கே ஒதுங்கலாம், எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலையில் அவன் போன் எடுத்தான். கனடாவில் சித்தப்பா மோசம் போய்விட்டாராம். துடக்கு, பயணம் இல்லை என்றான். எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. செத்தவீட்டுத் துடக்குக்காரர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் கோயில் வாசலை மிதிப்பதில்லை. அன்று பின்னேரமே சோறும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டுபோனேன். அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். துக்கம் என்று நினைத்தேன்.

எடுத்த லீவை மாற்ற வேலைத்தலத்தில் விடவில்லை. புறப்படவேண்டியிருந்த சனிக்கிழமை காலை மனோர் பார்க் முருகன் கோயிலுக்கு நடந்தேன். வாசலில் அவனுடைய கார், நான்கு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம். துடக்கோடு வந்து நிற்கிறானே என்றுதான் முதலில் பதறினேன். அர்ச்சனைத் தட்டோடு வந்த அவன் மனைவியிடம், சித்தப்பாவின் அந்தியேட்டி எப்போது என்று மெல்லக் கேட்டேன்.

"எந்தச் சித்தப்பா, அண்ணை? கனடாச் சித்தப்பா ராத்திரியும் போன் எடுத்து, கவனமா ஓடச் சொன்னவர்."

நான் வேலையில் நிற்பேன் என்று எண்ணியிருப்பான். துடக்கென்று பொய் சொல்லத் துணிந்தவனுக்கு, எலுமிச்சம்பழம் நசிக்காமல் காரை எடுக்கத் துணிவில்லை. வராதே என்று நேரே சொல்லியிருந்தால் கோபித்திருப்பேன், பாதையையும் கொடுத்திருப்பேன். அதற்காக உயிரோடிருக்கிற மனிதரைச் சாகடிக்க வேண்டியிருந்ததா?

"குறை நினையாத மச்சான்," என்றான் மனைவிக்குப் பின்னால் வந்த கூட்டாளி. "மனிசியின்ர தமையன் தானும் வாறன் எண்டவர். நீ வந்தா எல்லாம் மணிக்கூட்டைப் பாத்துத்தான். அவருக்குச் சரிவராது. ஆனா உன்ர பாதையாலதான் போறம்." கடைசி வசனத்தை ஆறுதல்போலச் சொன்னான்.

முன் ஆசனத்தில் தமையன் என் தாள்களை மடியில் விரித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே ஏன் இரண்டு கோடு என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

"ஞாயிறு தீவில எல்லாம் பூட்டு, பெற்றோல் அடிக்கேலாது. படகு ஏற முதல் நிரப்பிப்போடுங்கோ."

"பாத்தியே," என்று அவர் கூட்டாளியைப் பார்த்துச் சிரித்தார். கூட்டாளி சிரிக்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. காரை எடுத்தான்.