சுத்தமான இடத்துக்கு மாறிய எங்கள் மடல்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. புதுப்பட்டினத்தில் வானம் மூடிக்கிடந்தது, ஆனால் மழை இல்லை. கடற்காற்று இன்னும் எழவில்லை. ஜெராக்ஸ் கடையில் இருந்த ஒரே மின்விசிறி கடைக்கார பாயின் தலைக்கு மேல் மட்டும் சுற்றியது. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பாய் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"படிச்சிப் பாரு அண்ணாத்த. நம்ம பக்கத்து வூட்டுக்காரன் இன்னா எழுதிகிறான்னு."

பக்கத்து வீட்டுக்காரன் என்று அவர் சொன்னது நாங்கள் மடல் அனுப்பும் அதே இடத்திலிருந்து மடல் அனுப்பும் இன்னொருவனை. ஞாயிறுதோறும் மின்னஞ்சலில் எங்கள் வாரமடல் 438 பேருக்குப் போகும். நான் எழுதுவேன், பாய் ஏற்றுவார். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அதை இலவசமாக அனுப்பிக் கொடுத்தது. அதே கம்பெனிதான் அவனுடைய மடலையும் அனுப்பிக்கொண்டிருந்தது. அவனுக்கு மாதச் சந்தா நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு கம்பெனிக்கு. சாதிப் பெருமைதான் அவன் சரக்கு. அந்த வாரம் எங்கள் காலனியைப் பற்றி எழுதியிருந்தான். இவர்களுக்குப் பிணம் தூக்கப் பாதை வேண்டுமாம், கடலில் போட்டால் மீன்களாவது கொழுக்கும் என்று இருந்தது. கீழே 1,106 பேர் விருப்பக்குறி போட்டிருந்தார்கள்.

பாதை விஷயம் இதுதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலைக்குக் கிழக்கில் எங்கள் காலனியின் இடுகாடு இருக்கிறது. என் அப்பாவும் அம்மாவும் அங்கேதான் கிடக்கிறார்கள். காலனியிலிருந்து சவுக்குத்தோப்பு வழியாக அறுநூறு அடி நடந்தால் இடுகாடு. தோப்பை ஒரு சொகுசு விடுதி வாங்கியது. மதில் எழுப்ப அஸ்திவாரம் தோண்டியது. பாதை பட்டாவுக்குள் வருகிறது என்றார்கள். இல்லை, அது பொதுவழி என்று கிராம சபை தீர்மானம் போட்டுக் கொடுத்தால் மதில் வேலையை நிறுத்தி அளந்து பார்ப்பதாக வட்டாட்சியர் அலுவலகத்தில் வாயால் சொன்னார்கள். எங்கள் ஊராட்சியில் கிராம சபை செல்லுபடியாக வேண்டுமானால் நூறு பேர் வர வேண்டும். காலனியில் பகலில் நூறு பேர் இருப்பதில்லை. ஒரகடம், கல்பாக்கம், சென்னை என்று வேலைக்குப் போய்விடுகிறார்கள். லீவு போட்டுத்தான் வர வேண்டும்.

அதற்குத்தான் மடல். வாட்ஸப்பில் தேதி போடக்கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. வாட்ஸப் குழுவில் விடுதிக்காரனின் ஆள் எவனோ இருந்தான். இரண்டு முறை நாங்கள் கூடப்போகிற இடத்துக்கு எங்களுக்கு முன்னாலேயே போலீஸ் வந்து நின்றது. அதனால் எந்த நாள், எத்தனை மணி என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மடலில் மட்டும் வரும். மடலில் வராத தேதியை யார் போனில் சொன்னாலும் நம்பவேண்டாம் என்று எல்லோருக்கும் பழக்கியிருந்தோம்.

அன்று மாலையே பாயையும் கூட்டிக்கொண்டு போய், எங்கள் போராட்டக் குழுவை நடத்தும் பெண்ணிடம் பேசினேன். பள்ளியில் சத்துணவு சமைப்பவள், நாற்பத்தாறு வயது. அவள் புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் இரண்டு முறை செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். அவளுக்கு அந்தப் பாதை யாருக்காக வேண்டியிருந்தது என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவளே சொல்வாள். "என்னைக்கு இருந்தாலும் அது தோள்ல போவணும், நைனா. லாரில போறதுக்கு அது இன்னா சிமெண்ட் மூட்டையா?"

கம்பெனி விஷயத்தைச் சொன்னேன்.

"அவன் எவன் கிட்ட துட்டு வாங்கித் துன்னா நமக்கின்னா? நமக்குப் பாத வோணும்."

"நம்ம 438 பேர் தலையையும் கூட்டித்தான் அந்தக் கம்பெனிக்காரன் தன்கிட்ட இவ்வளவு கூட்டம் இருக்குன்னு காட்டி முதலீடு வாங்குறான். அந்தக் கூட்டத்துல நாம நிக்கக்கூடாது. தனிக் குவளை வெச்சிருக்கிற டீக்கடையில எனக்கு மட்டும் நல்ல குவளை குடுத்தா நான் குடிப்பனா?"

"டீக்கட சரி," என்றார் பாய். "எதிர்ல வேற கட கீதான்னு பாத்துட்டு எந்திரி அண்ணாத்த."

பார்த்தேன். புள்ளியியல் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவன் நான். பதினான்கு இடங்களைப் பார்த்தேன். ஐந்து, வாசகர் எதைத் திறந்தார், எங்கே தொட்டார் என்று வேவு பார்த்து விளம்பரக்காரனுக்கு விற்றன. நான்கில் வெறுப்பு எழுத்துக்கு எதிராக விதியே கிடையாது. மூன்றில் விதி இருந்தது, அதை மீறியவர்களும் சௌக்கியமாக இருந்தார்கள். ஒன்று எங்கள் நாட்டு வங்கி அட்டையை ஏற்கவில்லை. மிஞ்சியது ஒன்று. ஐரோப்பாவில் சிலர் கூட்டுறவாக நடத்துவது. வேவு கிடையாது, விளம்பரம் கிடையாது, சாதி மத இனத் துவேஷத்துக்கு இடம் கிடையாது. வருடச் சந்தா உண்டு. என் பென்ஷனில் கட்டினேன்.

முகவரிகளை ஏற்றும்போது ஒரு கட்டம் வந்தது. இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சம்மதம் கொடுத்துவிட்டார்கள் என்று டிக் அடித்தால் அப்படியே சேர்ந்துவிடும். அடிக்காவிட்டால் ஒவ்வொருவருக்கும் இங்கிலீஷில் ஒரு கடிதம் போகும். அதிலுள்ள பொத்தானைத் தொட்டவருக்கு மட்டும் இனி மடல் போகும்.

"டிக் அடிச்சிட்டு வா, நாஸ்தா துன்னப் போலாம்," என்றார் பாய்.

"இவங்களுக்கு யாரும் சம்மதம் குடுக்கலையே. பழைய இடத்துக்குத்தானே குடுத்தாங்க. பொய்ச் சத்தியம் பண்ணிட்டுச் சுத்தமான இடத்துக்குள்ள போறதா?"

பாய் மவுஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "உன்ன மாதிரி ஒருத்தன் எங்க ஜமாத்துல இருந்தா நாங்க நோன்பே தொறக்க முடியாது," என்றார். பிறகு நான் சொன்னபடியே செய்தார். பழைய கணக்கையும் அன்றே அழிக்கச் சொன்னேன். ஒரு மாதம் கிடக்கட்டும் என்றார். ஒரு நாள்கூட வேண்டாம் என்றேன்.

புதிய இடத்தின் பக்கத்தில் மேலே 438 என்று காட்டியது. அதை நானே பார்த்தேன். எத்தனை பேர் திறந்தார்கள் என்று பழைய இடம் சொல்லும். புதியது சொல்லாது, சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம்.

செப்டம்பர் 24-ஆம் தேதி சிறப்புக் கிராம சபை என்று ஊராட்சி அறிவித்தது. அதுவும் செவ்வாய்க்கிழமை, வேலை நாள், காலை பதினொரு மணி. யாரும் வரக்கூடாது என்பதற்காகவே வைத்த நாள். மடலில் பெரிய எழுத்தில் போட்டேன்: லீவு போட்டு வாருங்கள், நூறு பேர் வேண்டும். எனக்குக் கவலையே இல்லை. மே மாதம் இதே மாதிரி ஒரு வேலை நாளில் 163 பேரை இழுத்து வந்த மடல் அது.

சமுதாயக் கூடத்தில் 71 பேர் இருந்தார்கள். ஐந்து முறை எண்ணினேன். தெருவில் போன ஐஸ்காரரைக்கூட உள்ளே கூப்பிட்டார்கள். அவருக்கு அச்சரப்பாக்கத்தில் ஓட்டு. பன்னிரண்டரைக்கு ஊராட்சிச் செயலர் பேனாவை மூடினார்.

"கோரம் இல்ல, நூறு பேர் சேரல. உங்க பாதைக்கு உங்க ஆளுங்களே வரல. நான் இன்னா பண்ணட்டும்?"

பின்னாலிருந்து எவனோ சிரித்தான். விடுதிக்காரனின் ஆட்கள் ஏழு பேர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நிழலில் நின்ற அவர்களையும் சேர்த்துத்தான் 71 என்று அப்போதுதான் பார்த்தேன். அவர்களும் இந்த ஊர் ஓட்டுக்காரர்களே.

மாலையில் ஒவ்வொருவராகப் போன் செய்தேன். ஒரகடத்தில் வேலை செய்பவன் சொன்னான்: "இன்னா தேதி? மடலு வந்தே ரெண்டு மாசம் ஆவுதே. நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன்." அந்த இங்கிலீஷ் கடிதம் வரவில்லையா என்று கேட்டேன். "வந்துச்சு. எதையோ அமுத்தச் சொல்லிச்சு. நீதானே பெருசு வாராவாரம் எழுதுவ, தெரியாத எடத்துலேர்ந்து வர்ற எதையும் அமுத்தாத, துட்டு பூடும்னு. அழிச்சிட்டேன்."

எழுதியிருந்தேன். காலனியில் ஒருத்தியின் நூறுநாள் வேலைக் கூலியை ஒரு லிங்க் சுருட்டிக்கொண்டு போனபிறகு, ஒவ்வொரு மடலின் கடைசியிலும் அதைத் தடித்த எழுத்தில் போட்டேன். படித்தவர்கள் கீழ்ப்படிந்தார்கள். பாய் புதிய பக்கத்தில் தேடி இன்னொரு மூலையைத் திறந்தார். பொத்தானைத் தொட்டவர்கள் 29. காத்திருப்பவர்கள் 409. மேலே காட்டிய 438 இரண்டின் கூட்டுத்தொகை. வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் கூட்டுத்தொகையைப் பிரித்துக் காட்டச் சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான்.

போராட்டக் குழுக்காரியிடம் நானே போய்ச் சொன்னேன். அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"சுத்தமா கீதா இப்போ?" என்றாள். பிறகு, "போய்ட்டு வாங்க சார்," என்றாள். எட்டு வருடமாக என்னை அவள் சார் என்று கூப்பிட்டதில்லை.

பழைய இடத்தை விட்டது தப்பு என்று இன்றுவரை நான் நினைக்கவில்லை. அந்தச் சாதிப் பெருமைக்காரனுடைய மடல் அங்கிருந்து தவறாமல் போகிறது. கிராம சபை கலைந்த கதையைச் சொல்ல ஒரு தனி இதழே போட்டான். அதைப் படித்த கூட்டத்தில் நாங்கள் இல்லை. அது சரிதான். அந்தச் சரியை வைத்துக்கொண்டு இடுகாட்டுக்கு ஓர் அடிகூட நடக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

கோரம் இல்லாமல் கலைந்த விஷயத்தை அக்டோபர் இரண்டு கிராம சபையில் எடுக்க மாட்டோம் என்றார்கள். மதில் பத்தொன்பது நாளில் எழுந்தது. எட்டடி உயரம், மேலே கண்ணாடிச் சில்லு.

நவம்பரில் அவள் புருஷன் இறந்தான். அடைமழை. கடலோரமாகத் தூக்கிப் போகலாம் என்றால் அலை மதில்வரை அடித்தது. பாடை கட்டி, பூப்போட்டு, தோள் கொடுக்க நான்கு மைத்துனர்கள் நின்றார்கள். போக வழி இல்லை. கடைசியில் குட்டி யானை வண்டி ஒன்றைப் பிடித்தார்கள். கடற்கரைச் சாலையில் ஏறி, உப்பளப் பக்கம் சுற்றி, ஆறரை கிலோமீட்டர். பாடை வண்டிக்கு நீளமாக இருந்ததால் பின்கதவை மூட முடியவில்லை. கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மேலே சிமெண்ட் கம்பெனி பேர் போட்ட நீலத் தார்ப்பாயைப் போர்த்தினார்கள்.

டிரைவர் இறங்கி வந்து, சாவு சவாரிக்குப் பணம் முன்னாலேயே வேண்டும் என்றான். மைத்துனன் சட்டைப் பையில் கை விட்டான். அவள் தலையை விரித்துப் போட்டபடி கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"நீ எடுக்காத," என்றாள் தம்பியிடம். "அந்த சார் குடுப்பாரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. மழை வாடகையும் வண்டியைக் கழுவும் கூலியும் சேர்த்துச் சொன்னான் டிரைவர். நான் பேரம் பேசவில்லை. நனைந்த நோட்டுகளை அவன் வண்டியின் முகப்பில் வைத்து எண்ணிக் கொடுத்தேன். மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.